மாதாவின் முதுகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கெடுத்தது நான்தான். என் மனுஷன் ஒரு பக்கம் பிடித்தார், அவ்வளவுதான். அவரை இதற்குள் இழுக்க வேண்டாம். எண்ணெய் வாங்கியது நான். துணியை நனைத்தது நான். தேய்த்ததும் இந்தக் கையால்தான்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில். டுசல்டோர்ஃபிலிருந்து இரண்டு ரயில் மாறி, பிறகு பஸ்ஸும் எடுக்க வேண்டும். அகதியாக வந்த காலத்தில் இந்த ஊரைத்தான் எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல நகரங்களுக்கு ஓடிவிட்டார்கள், நாங்கள் நின்றுவிட்டோம். என் மனுஷனுக்கு ஆணி செய்கிற ஃபாக்டரியில் வேலை. எனக்கு இங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில். கதவு திறந்து பூட்டுவது, மெழுகுதிரி மாற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, கூட்டுவது, துடைப்பது. இருபத்திரண்டு வருஷம் செய்தேன். யாழ்ப்பாணத்தில் கடற்கரைக் கோயிலடியில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கோயில் வேலையை யாரும் சொல்லித் தர வேண்டுமா?

அந்தக் கோயிலின் இடது சுவரில் ஒரு வியாகுல மாதா. மரத்தில் செதுக்கியது. மடியில் செத்த மகன். வயது முந்நூறுக்குக் கிட்ட இருக்கும். எங்கள் ஊர் மாதாக்கள் எல்லாரும் சுண்ணாம்பு முகத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் அப்படி இல்லை. மகனின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருப்பாள். அவளுடைய விரல்களுக்கு இடையில் அவனுடைய சதை பிதுங்கி நிற்கும். செத்த உடம்பைத் தூக்கியவர்களுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும். நான் என் தம்பியைத் தூக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, தூசு துடைக்க ஏணியில் ஏறினவள் அந்தக் கையைக் கண்டதும் இறங்க மாட்டாமல் மேலேயே நின்று அழுதேன்.

கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் ஹெர் லேரர். வாத்தியார் ஐயா என்பதை ஜெர்மனில் அப்படிச் சொல்வார்கள். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. செத்து இருநூற்றைம்பது வருஷமான ஒரு சிற்பியைக் கட்டிக்கொண்டு அழுத மனுஷன். அந்தச் சிற்பியைப் பற்றித்தான் அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் புத்தகம் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவர் பேசியதெல்லாம் ஜெர்மன். ஆனால் எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

சிற்பி தெற்கே எங்கிருந்தோ நடந்து வந்தவனாம். ஆற்றங்கரையில் இருந்த மடத்துத் துறவிகளுக்குப் பீடம் செய்ய வந்தவன், வேலை முடிந்தும் போகாமல் இங்கேயே பெண் எடுத்துவிட்டான். லிண்டன் என்கிற மரத்தில்தான் செதுக்குவான். குளிர்காலத்தில் வெட்டி, வருஷக்கணக்காய்க் காயவிட்டு, பிறகு அடிமரத்தை மேசையில் கிடத்தி, தலையிலும் காலிலும் இரும்பு முனை கொடுத்து இறுக்கிக்கொண்டு செதுக்குவது. மாதாவின் உச்சந்தலையில் ஒரு சின்ன மர ஆப்பு உண்டு. அந்த இரும்பு ஏறின துளையை அடைத்தது அது. தூசு துடைக்கும்போதெல்லாம் அதைத் தடவுவேன். சுவரோடு நிற்கிற சிலை என்றால் முதுகைக் குடைந்து கோறையாக்கிவிடுவார்களாம். இல்லாவிட்டால் மரம் வெடித்துவிடும்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. செதுக்குகிறவன் நிறம் பூசக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அதற்கு வேறு ஆள். அவன் வந்து வெள்ளையை அப்பி, நிறம் பூசி, பொன் தகடு ஒட்டிவிட்டுப் போனால் உளி போன தடம் ஒன்றும் மிஞ்சாது. "அப்ப இவன்ர வேலையை ஒருத்தரும் காணேல்லையா?" என்று கேட்டேன். "இவன்ர பெண்சாதி கண்டிருப்பா," என்றார் ஹெர் லேரர். "பட்டறையும் வீடும் ஒண்டுதானே."

அவளையும் அவன் இங்கேதான் புதைத்தான். பழைய கோயில் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. ஞானஸ்நானப் புத்தகத்தில் அவனுக்கு ஒன்பது பிள்ளைகள். அடக்கப் புத்தகத்தில் ஆறு. அதில் மூன்று ஒரே குளிர்காலத்தில். பெண்சாதி செத்து நாலாம் மாதம் அடுத்த கலியாணம். "நாலு மாசத்தில! நல்ல மனுஷன்தான்," என்று நான் வாயில் வந்ததைச் சொல்ல, ஹெர் லேரர் தன் கூடப்பிறந்தவனைச் சொன்னது மாதிரி முகம் சிவந்துவிட்டார். "மிச்சப் பிள்ளையளுக்கு ஆர் சமைக்கிறது? சொல்லுங்கோ பாப்பம்," என்றார். வயது போன காலத்தில் சிற்பிக்குக் கை நடுங்கத் தொடங்கி, சிலை வேலை நின்று, கல்லறைக்கு மரக் குருசு வெட்டிக் கொடுத்துச் சீவித்தானாம். செத்தபோது அடக்கப் புத்தகத்தில் அவன் செய்த தொழில்கூட எழுதப்படவில்லை. பிறகு மடத்தைக் கலைத்தார்கள். அவன் செய்த அப்போஸ்தலர்கள் வெதுப்பகத்து அடுப்புக்குள் போனார்கள். மிஞ்சியது பக்கத்து ஊரில் இரண்டு சம்மனசு, சிறகு வைத்த தேவதூதர்கள். அடுத்தது எங்கள் மாதா, அவளும் அவன் செய்தவள் என்றால்.

அந்த 'என்றால்' தான் ஹெர் லேரரின் சீவியம். மாதாவில் எங்கேயும் பெயர் இல்லை. ஒப்பந்தக் கடதாசி இல்லை. அவருக்கு மனதில் சந்தேகமே கிடையாது. "இந்தக் கை அவன்ர கைதான். ஆனால் நான் நம்புறது சாட்சி இல்லை," என்பார். சிலையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆயர் அலுவலகத்துக்கு ஒரு அன்ட்ராக் எழுதிப் போட்டார். விண்ணப்பம் கிடைத்தது, துறைசார்ந்தவர்கள் இல்லாமல் யாரும் சிலையை அசைக்கக் கூடாது என்று பதில் வந்தது. அதோடு சரி. பதினொரு வருஷம் காத்திருந்தார். நாலு முழ உயரத்தில் நிற்கிற சிலை! கோயில் கதவுத் திறப்பு என் இடுப்பில்! ஒருநாள், ஒரேயொரு நாள், "வாருங்கோ, எட்டிப் பார்ப்பம்" என்று கேட்டிருக்கலாமே! கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான் அவருக்கு. பின்னால் என்னத்தைத் தேடுகிறார் என்றும் என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காது என்று பயந்தாரோ என்னவோ. பூச்சி அரிக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பூச்சி உண்மையில் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முந்தி, வசந்தகாலத்தில், மாதாவின் காலடியில் ஒவ்வொரு நாளும் மஞ்சள் மா கொட்டிக் கிடந்தது. மரம் உளுக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பங்கு அலுவலகத்துக்குச் சொன்னேன். அன்ட்ராக் எழுதுங்கோ என்றார்கள். எழுதினேன். ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். மா கொட்டிக்கொண்டே இருந்தது, நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குப் பொறுமை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் ஊரில் கதவு நிலை உளுத்தால் என்ன செய்வோம்? வேப்பெண்ணெய் பூசுவோம். டுசல்டோர்ஃபில் தமிழ்க் கடையில் மூன்று போத்தல் வாங்கி வந்தேன்.

"உமக்கென்ன விசரே? பிடிபட்டால் வேலை போயிடும்," என்றார் என் மனுஷன்.

"மாதா உளுத்து விழுந்தாப் பிறகு எனக்கு என்ன வேலை இஞ்ச? ஒரு பக்கம் பிடியுங்கோ, கதைக்காதேங்கோ."

ஹெர் லேரரிடம் சொல்லவில்லை. சொன்னால் கடிதம் வரட்டும் என்பார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேருமாகச் சிலையைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். கோறைதானே, நினைத்த பாரம் இல்லை. பின்னால் ஒரே தூசு, சிலந்திவலை, காய்ந்த ஈக்கள். அதுக்குள்ளே, தோளுக்குக் கீழே, சிவப்பாய்ச் சில கீறல்கள். செங்கட்டியால் யாரோ கிறுக்கினது மாதிரி. எழுத்து மாதிரியும் இருந்தது, கணக்கு மாதிரியும் இருந்தது. தச்சன் அளவு குறித்திருப்பான் என்று நினைத்தேன். நினைத்தேனோ, இல்லையோ, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துணி சிவந்தது. அலசிவிட்டு இன்னொரு தரம் துடைத்தேன். காய்ந்த பிறகு மூன்று பூச்சு எண்ணெய். முதுகெல்லாம் கறுத்துப் பளபளவென்று வந்தது. என்ன வடிவு என்று என் மனுஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடவுளே, காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். செத்த எலி என்றார் ஃபாதர். ஓம், எலிதான், மருந்து வைத்தேன் என்று நான் கூசாமல் சொன்னேன். மா கொட்டுவது நின்றுவிட்டது. பூச்சி செத்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன வருஷம் கடிதம் வந்தது: கோயிலை மூடுகிறார்கள். ஞாயிறு பூசைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர்தான், அதில் இரண்டு பேர் நானும் என் மனுஷனும். கட்டிடத்தை விற்று அங்கே வீடுகள் கட்டப் போகிறார்களாம். சாமான்கள் எல்லாம் ஆயர் அலுவலகத்தின் களஞ்சியத்துக்கு. வியாகுல மாதாவைப் பற்றி மட்டும் தனியாக எழுதியிருந்தார்கள். அவள் இந்த ஊர்ச் சிற்பியின் வேலை என்று நிச்சயமானால் இந்த ஊர்ச் சேமக்காலையில், அதுதான் கல்லறைத் தோட்டத்தில், இருக்கிற ஜெபக்கூடத்தில் வைக்கலாம். இல்லையென்றால் அவளும் களஞ்சியத்துக்குத்தான்.

அதற்குள் ஹெர் லேரருக்கு வருத்தம் முற்றி, நடக்க ஏலாமல், அடுத்த ஊர்ப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டார். கடிதத்தை நான்தான் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். படுக்கையில் கிடந்த மனுஷன் சிரித்தார். "அப்ப இனி அவையள் சிலையை அசைக்கத்தான் வேணும்," என்றார். அப்போதுதான் எனக்கு முதல் முறையாகச் சொன்னார்: சிலைக் கோறைக்குள் செங்காவிக் கட்டியால் தன் பெயரை எழுதிவிடுவது அந்தச் சிற்பியின் பழக்கம். அடுப்புக்குப் போன ஒரு சிலையை அதற்கு முந்திப் பார்த்த பாதிரியார் ஒருவர் தன் குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறாராம். பிள்ளை செத்தால் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுவானாம்.

அந்தச் சிவப்பைத்தான் நான் துணியால் துடைத்து எடுத்தேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்து, நடைபாதையில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருவேளை நான் துடைத்தது வேறு இடமாக இருக்கும், ஒருவேளை எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் என்று மாதாவிடமே மன்றாடினேன். அவளுடைய முதுகைக் கெடுத்துவிட்டு அவளிடமே!

சிலை பழுது பார்க்கிற பெண் வந்த அன்று ஹெர் லேரரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டி, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நெற்றியில் விளக்குக் கட்டிய அந்தப் பெண் கோறைக்குள் தலையை விட்டுவிட்டு உடனே வெளியே எடுத்தாள். "இது என்ன மணம்?" என்றாள். பிறகு நெடுநேரம் பார்த்தாள். விசேஷக் கமராவால் படம் எடுத்தாள். கரியால் எழுதியிருந்தால் இந்தக் கமராவில் தெரியும், செங்காவி தெரியாது என்றாள். எழுத்து இருந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சம், மீதியை யாரோ ஈரத்தால் துடைத்து எண்ணெயை ஏற்றியிருக்கிறார்கள் என்றாள்.

"ஆர்?" என்று கேட்டார் ஹெர் லேரர்.

"நான்," என்றேன். "பூச்சி அரிச்சுது. நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார், குளிருது, போவம் என்று அழைத்து வந்த தாதியிடம் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, குரங்காவது ஒரு உருவம். நான் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

ஒரு கிழமை அவரிடம் போகவில்லை. வெட்கம். பிறகு அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனால், மடியில் கொப்பியும் பேனையும். கோபத்தின் சாயலே இல்லை. "அதைக் கண்ணால கண்ட ஆள் நீங்கள் ஒராள்தான். எனக்கு நீங்கள் வேணும்," என்றார். எத்தனை வரி? பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? தொடக்கத்தில் வளைந்த எழுத்தா, நிமிர்ந்த எழுத்தா? கடைசியில் இலக்கம் இருந்ததா? அதை நான் எழுத்தில் சாட்சியாகக் கொடுத்தால் ஆயர் அலுவலகம் யோசிக்கும் என்று சிலை பழுது பார்க்கிற பெண் சொல்லியிருந்தாளாம்.

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். சிவப்பு வந்தது. துணி வந்தது. எழுத்து வரவில்லை. வந்தாலும் என்ன? இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிற்பியின் பெயரை இவர் வாயால் கேட்டவள். என் மனதில் எந்த எழுத்து எழும்பினாலும் அது இவர் போட்டதா, முதுகில் இருந்ததா என்று எனக்கே தெரியாது.

"எனக்கு ஞாபகம் இல்லை, ஹெர் லேரர்."

"யோசியுங்கோ. அவசரம் இல்லை," என்றார் அவர். அவசரம் இருந்தது. களஞ்சியத்து வண்டி அடுத்த வியாழக்கிழமை என்று குறித்தாயிற்று. அவருடைய கணுக்கால்கள் வீங்கி, தோல் மினுங்கத் தொடங்கியிருந்தது. சாவுக்கு முந்தி வருகிற வீக்கம் அது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் என் மனுஷனிடம் கேட்டேன்: "உங்களுக்கு ஏதும் ஞாபகம் இருக்கே?" "நான் மாதாவின்ர தலை இடிபடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், முதுகை ஆர் பார்த்தது?" என்றார். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று அன்று முடிவெடுத்தேன். ஒரு பொய். ஒரேயொரு பொய். அவரும் நிம்மதியாகக் கண்ணை மூடுவார், மாதாவும் ஊரோடு இருப்பாள். பாவம் என் தலையோடு போகட்டும்.

புதன்கிழமை காலை போனேன். "ஞாபகம் வந்திட்டுது," என்றேன். இரண்டு வரி என்றேன். முதல் வரியில் அவனுடைய பெயர், பெரிதாக. கீழே ஒரு பெண்பிள்ளையின் பெயர் மாதிரி. வளைந்த எழுத்து, ஓம், வளைந்ததுதான். நான் சொல்லச் சொல்ல அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. நான் மாதாவை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை. கை நடுங்குகிறதாக்கும் என்று நினைத்து, "தாருங்கோ, நான் எழுதுறன்," என்று கொப்பிக்குக் கையை நீட்டினேன்.

"போன கிழமை ஒண்டும் ஞாபகம் இல்லை எண்டு சொன்னியள்," என்றார் மெதுவாக. "நாள் போகப் போக ஞாபகம் குறையும், கூடிக்கொண்டு போகாது. முப்பத்தைஞ்சு வருஷம் நான் பிள்ளையளுக்கு இதைத்தான் படிப்பிச்சனான்."

அழுகை வந்தது, அதற்குமேல் ஆத்திரம் வந்தது. "ஏன், நம்பினால் என்ன? அது அவன்தான் எண்டு உங்களுக்குத் தெரியும்! எனக்கும் தெரியும்! அந்தக் கையைப் பாக்கிற ஆருக்கும் தெரியும்!" என்று கத்திவிட்டேன். தாதி கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"ஓம், தெரியும்," என்றார் அவர். "ஆனால் சாட்சி இல்லை."

பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை எடுக்கச் சொன்னார். புத்தகம் முழுக்க அதற்குள் கட்டுக் கட்டாக இருந்தது. கடைசிக் கட்டில் மாதாவின் படம் ஒட்டிய தாள். படத்துக்குக் கீழே மரம், உயரம், இடம் எல்லாம் எழுதியிருந்தது. செய்தவர் என்ற இடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. இவ்வளவு வருஷமும் அதை அவர் நிரப்பாமல் வைத்திருந்திருக்கிறார். பேனையை என்னிடம் தந்தார்.

"என்ர கையால ஏலாது. நீங்கள் எழுதுங்கோ. செய்தவர் பெயர் தெரியாது."

எழுதினேன். கண்ணீரில் எழுத்துக் கோணல்மாணலாகப் போயிற்று. அவர் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பித் தந்தார்.

"இன்னொருக்கா வடிவாய் எழுதுங்கோ," என்றார். "அச்சடிக்கிற ஆக்களுக்கு வாசிக்க விளங்க வேணும்."

அதற்குக் கீழேயே இன்னொரு தரம் எழுதினேன்.